விபத்தில்லா நாள் பலகையும் மறைக்கப்பட்ட ஒரு விரல் காயமும்

கோவையை ஒட்டிய தொழிற்பேட்டை ஒன்றில், தந்தை தொடங்கிய பிரஸ் ஷாப்பை ஆறு ஆண்டுகளாக நடத்திவரும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பம்பு மோட்டார்களுக்கான ஸ்டாம்பிங் தகடுகளை ஜாப் ஒர்க்காக வெட்டிக் கொடுக்கும் பட்டறை அது. 11 பவர் பிரஸ்கள், 34 பேர் வேலை. அவர்களில் பாதிக்கு மேல் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். 2024 ஆயுத பூசையன்று அவர் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். விபத்து எதுவும் இல்லாத ஒவ்வொரு மாதமும் எல்லோருக்கும் தலா 500 ரூபாய். ஒரு விபத்து நடந்தாலும் அந்த மாதம் யாருக்கும் இல்லை. வாசலில் ‘விபத்தில்லா நாட்கள்’ என்று ஒரு பலகை வைத்தார். அதிலுள்ள எண் இப்போது 480ஐத் தொட்டிருக்கிறது. 500ஐத் தாண்டியதும் மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு நாளன்று விருந்து வைக்கத் திட்டமிட்டிருந்தார்.

சென்ற மாதம் பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண், அந்த எண் உண்மையல்ல என்று அவரிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார். 2025 ஆகஸ்டில், ஒப்பந்தக்காரர் மூலம் வந்த ஒடிசாவைச் சேர்ந்த 22 வயது இளைஞர், பிரஸ்ஸில் வலது ஆள்காட்டி விரலின் நுனிக் கணுவை இழந்திருக்கிறார். சூப்பர்வைசர் அவரைத் தனியார் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, வீட்டுக் கதவில் விரல் சிக்கியதாக எழுதவைத்து, 38,000 ரூபாய் செலவை ‘மெஷின் ரிப்பேர்’ கணக்கில் காட்டிவிட்டார். அந்த இளைஞர் கையில் 10,000 ரூபாயைக் கொடுத்து, எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்று ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார். இளைஞருக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பதிவு இல்லை. இப்போது அவர் தகடுகளை அடுக்கும் வேலையில் இருக்கிறார்.

வாசகியின் கேள்விகள் இவை. பாதுகாப்பாகத் தொழில் நடத்தும் முதலாளிக்கு வெளிநாடுகளில் காப்பீட்டுக் கட்டணம் குறைகிறது என்கிறார்களே, இங்கே அப்படி ஏதேனும் சலுகை உண்டா? பழைய விபத்தை இப்போது தெரிவித்தால் இ.எஸ்.ஐ. சந்தா கூடுமா, பட்டறைக்குச் சீல் வைத்துவிடுவார்களா? தடுப்புக் கம்பியை அந்தப் பையனே கழற்றியதாகச் சூப்பர்வைசர் சொல்வதால் பொறுப்பு அவனுடையதுதானே? கையுறை போடாதவர்களுக்கு அபராதம் விதிக்கலாமா? சூப்பர்வைசரை வேலையைவிட்டு நீக்கிவிட வேண்டுமா? 500 ரூபாய்த் திட்டத்தில் என்ன தவறு?

அன்புள்ள வாசகிக்கு,

தெரியாமல் நடந்த ஒன்றைத் தெரிந்துகொண்ட பிறகு, பலகையில் எண் ஏறட்டும் என்று விட்டுவிடாமல் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொழிலாளர் வழக்குகளை நடத்திவரும் எனக்கு, இந்தக் கட்டத்தில் முதலாளிகள் பெரும்பாலும் எழுதுவதில்லை, சம்மன் வந்த பிறகுதான் வருவார்கள் என்பது தெரியும். உங்கள் கேள்விகளை மட்டும் நான் வேறு வரிசையில் எடுத்துக்கொள்கிறேன். சலுகையைப் பற்றி முதலில் கேட்டிருக்கிறீர்கள். நான் அந்த இளைஞரிடமிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் விடை அவருடைய விரலில்தான் இருக்கிறது.

அந்த இளைஞருக்குச் சேர வேண்டியது

தடுப்பை அவரே கழற்றினார் என்பது உண்மையாகவே இருந்தாலும், அதனால் அவருடைய இ.எஸ்.ஐ. உரிமை போய்விடாது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், 1948இன் 51பி பிரிவு இதற்காகவே எழுதப்பட்டது: விதியையோ முதலாளியின் உத்தரவையோ மீறிச் செய்த செயலாக இருந்தாலும், அது முதலாளியின் தொழிலுக்காகவும் அதையொட்டியும் செய்யப்பட்டதாக இருந்தால், அந்த விபத்து வேலையால் நேர்ந்ததாகவே கொள்ளப்படும். உங்கள் தகட்டை வெட்டும்போதுதான் அவர் விரல் போயிருக்கிறது. தடுப்பு இருந்தால் ஒரு மணி நேரத்தில் எத்தனை தகடு குறைகிறது, அந்தக் குறைவுக்கு அவருடைய கூலியில் எவ்வளவு குறைகிறது என்பதையும் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தொழிலாளி தடுப்பைக் கழற்றினார் என்று சொல்லும் பட்டறைகளில், கழற்றிய ஸ்பானர் எப்போதும் சூப்பர்வைசரின் மேசையில்தான் கிடக்கிறது என்பதைப் பல வழக்குகளில் பார்த்திருக்கிறேன்.

ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர் என்பதும் உங்களை விடுவிக்காது. அதே சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, ஒப்பந்தக்காரரின் ஆட்களுக்கும் சேர்த்துச் சந்தா கட்ட வேண்டியவர் முதன்மை முதலாளியாகிய நீங்கள்தான். கட்டிய பிறகு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். சந்தா கட்டாத நிலையில் விபத்து நேர்ந்தால் தொழிலாளி வெறுங்கையோடு போக வேண்டியதில்லை. இ.எஸ்.ஐ. கழகம் அவருக்கு உரியதைக் கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலிக்க 68ஆம் பிரிவு இடம் தருகிறது. குருகிராம், மானேசர் பகுதியின் வாகன உதிரிபாகப் பட்டறைகளில் விரலிழந்தவர்களோடு பணியாற்றும் ‘ஸேஃப் இன் இந்தியா’ அமைப்பு பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதும் இதைத்தான்: பலருக்கு இ.எஸ்.ஐ. அட்டை கைக்கு வருவதே விபத்துக்குப் பிறகுதான். வேலைக்குச் சேரும் நாளிலிருந்தே காப்பீடு இருக்க வேண்டும் என்பதே சட்டம்.

அந்த வெள்ளைத்தாளைப் பத்திரமாக வையுங்கள்; அதை ஆதாரமாகக் காட்டி வாதாடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். தனக்குரிய இழப்பீட்டைத் தொழிலாளி விட்டுக்கொடுப்பதாக எழுதும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டக் காலத்திலிருந்தே, அதன் 17ஆம் பிரிவில், தெளிவாக இருக்கிறது. தமிழ் படிக்கத் தெரியாத ஒருவரிடம் தமிழில் எழுதி வாங்கிய தாள், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கையில் உங்களுக்கு எதிரான சாட்சியாகத்தான் மாறும்.

இனி தொகையைப் பார்ப்போம். ஆள்காட்டி விரலில் ஒரு கணுவை இழந்தால் வருமானத் திறன் இழப்பு 9 விழுக்காடு என்று இ.எஸ்.ஐ. சட்டத்தின் இரண்டாம் அட்டவணை வைத்திருக்கிறது. இறுதி மதிப்பீட்டை மருத்துவக் குழு செய்யும். நீங்கள் எழுதியபடி மாத ஊதியம் 15,000 ரூபாய் என்றால், அதில் 90 விழுக்காடு 13,500. அதில் 9 விழுக்காடு 1,215. ஏறத்தாழ அந்தத் தொகை மாதந்தோறும் அவர் வாழ்நாள் முழுவதும் வர வேண்டும். 22 வயதுக்காரருக்கு 40 ஆண்டு என்று மட்டும் வைத்தாலும் 5,83,200 ரூபாய். இது தவிர, காயத்தால் வேலைக்கு வர முடியாமலிருந்த நாட்களுக்கு ஊதியத்தில் 90 விழுக்காடு தனியாக உண்டு. 10,000 ரூபாயில் அவரிடமிருந்து எழுதி வாங்கப்பட்டது இதுதான். இன்னொரு கணக்கையும் பாருங்கள். அவருக்கு நீங்கள் கட்டியிருக்க வேண்டிய சந்தா முதலாளி பங்கு 3.25, தொழிலாளி பங்கு 0.75, ஆக 4 விழுக்காடு. அதாவது மாதம் 600 ரூபாய். இப்போது கடந்த மாதங்களுக்கான நிலுவையை 12 விழுக்காடு வட்டியோடு கட்டும்போது தொழிலாளியின் பங்கையும் நீங்களே ஏற்க வேண்டியிருக்கும். கடந்த மாதங்களுக்கானதை அவருடைய இப்போதைய கூலியில் பிடிக்க முடியாது.

இன்னொன்று: உதவித்தொகை பெற்றுக்கொண்டு ஓய்வில் இருக்கும் காலத்தில் ஒருவரை நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73ஆம் பிரிவு தடுக்கிறது. சிகிச்சைக்காகவோ மருத்துவக் குழுவுக்காகவோ அவர் மறுபடி விடுப்பில் போக நேர்ந்தால், ஒப்பந்தக்காரர் ‘ஆளை மாற்றிக்கொள்ளலாம்’ என்று சொல்வார். சம்மதிக்காதீர்கள்.

இப்போது தெரிவித்தால் என்ன ஆகும்

இ.எஸ்.ஐ. சந்தா கூடாது. இந்த அச்சம் கோவைப் பட்டறைகளில் பரவலாக இருக்கிறது, அடிப்படையே இல்லாதது. சந்தா விகிதம் விபத்து எண்ணிக்கையைப் பொறுத்து ஏறுவதோ இறங்குவதோ இல்லை. நூறு விரல் போன பட்டறைக்கும் ஒரு கீறல் இல்லாத பட்டறைக்கும் ஒரே 3.25தான். இதில் ஒரு குறையும் இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

பட்டறைக்குச் சீல் வைப்பார்களா என்றால், ஒரு பழைய விபத்தைத் தாமதமாகத் தெரிவித்ததற்காக அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. ஆபத்தான நிலையில் உள்ள இயந்திரத்தை நிறுத்தச் சொல்ல ஆய்வாளருக்கு அதிகாரம் உண்டு, அது நியாயமும்கூட. உங்களுக்கு உண்மையில் உள்ள சட்ட ஆபத்தை மறைக்காமல் சொல்கிறேன். 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாதபடி காயம் நேர்ந்தால் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பது தொழிற்சாலைகள் சட்டம், 1948இன் 88ஆம் பிரிவு. இ.எஸ்.ஐ. விதிகளின்படி 24 மணி நேரத்துக்குள் படிவம் 12இல் விபத்து அறிக்கை போயிருக்க வேண்டும். படிவம் 11 விபத்துப் புத்தகத்தில் பதிவு இருந்திருக்க வேண்டும். மூன்றும் நடக்கவில்லை. அதோடு, இயந்திரத்தின் ஆபத்தான பாகத்துக்கு உறுதியான தடுப்பு இல்லாதது 21ஆம் பிரிவின் மீறல். 92ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். நடைமுறையில் முதல் தவறுக்கு அபராதமே மிகுதி என்றாலும், அப்படித்தான் ஆகும் என்று உறுதி தர என்னால் இயலாது.

காலம் போனால் தானாக மறைந்துவிடும் என்று உங்கள் கணக்காளர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. 106ஆம் பிரிவில் வழக்குத் தொடுப்பதற்கான மூன்று மாதக் கெடு, குற்றம் நடந்த நாளிலிருந்து ஓடுவதில்லை. ஆய்வாளருக்குத் தெரியவந்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது. மறைத்து வைத்த விபத்து எப்போதும் புதிய விபத்தாகவே இருக்கும். பேக்கிங் பிரிவுப் பெண்ணுக்குத் தெரிந்தது நாளைக்கு யாருக்கு வேண்டுமானாலும் தெரியலாம். மாறாக, நீங்களே முன்வந்து தெரிவித்தீர்கள், இளைஞருக்கு உரியதைச் செய்தீர்கள், தடுப்புகளைச் சரிசெய்தீர்கள் என்பது தண்டனையின் அளவை முடிவு செய்யும் எந்த நீதிபதியின் முன்பும் எடை பெறும்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள். உங்கள் விபத்து ஆகஸ்டில் நடந்ததால் பழைய சட்டங்களின் அளவுகோல் பொருந்தும். இனி நடப்பவற்றுக்குப் புதிய பாதுகாப்புத் தொகுப்பு. மின்விசையோடு 20 பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை என்பதால் நீங்கள் அதற்குள்தான் வருகிறீர்கள். 48 மணி நேர அறிவிப்பு அதிலும் உண்டு. கடமை மீறலால் பலத்த காயம் நேர்ந்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 2 லட்சத்திலிருந்து 4 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையைக் காயம்பட்டவருக்கே கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். பழைய சட்டத்தில் பலத்த காயத்துக்கான குறைந்த அளவு அபராதம் 5,000 ரூபாயாக இருந்தது. இந்த இடைவெளியைக் கூட்டாளிகளுக்கும் சொல்லுங்கள்.

செய்ய வேண்டிய முறை எளிது. முன்தேதியிட்டு எதையும் எழுதாதீர்கள். இன்றைய தேதியில் விபத்துப் புத்தகத்தில் பதிந்து, தாமதத்துக்கான காரணத்தை உள்ளது உள்ளபடி விளக்கும் கடிதத்தோடு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கும், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் அறிக்கை கொடுங்கள். மருத்துவமனையின் ரசீது, எக்ஸ்ரே, அன்று அதே ஷிப்டில் இருந்த இருவரின் எழுத்து வாக்குமூலம் ஆகியவற்றை இணையுங்கள். ‘கதவில் சிக்கியது’ என்ற மருத்துவக் குறிப்பை மறுக்க இவை தேவைப்படும். இதற்கு முன், உங்கள் தாள்களைப் பார்த்துப் பேச உள்ளூரில் ஒரு தொழிலாளர் வழக்கறிஞரை நேரில் சந்தியுங்கள். என் பதில் கடிதத்தை மட்டும் வைத்து எழுதப்பட்டது.

சலுகைகளைப் பற்றி

நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. அமெரிக்காவில் ஒவ்வொரு நிறுவனத்தின் பழைய விபத்துச் செலவையும் அதே தொழிலின் சராசரியோடு ஒப்பிட்டு ஓர் எண் கணக்கிடுகிறார்கள். 1க்குக் கீழே இருந்தால் காப்பீட்டுக் கட்டணம் குறையும், மேலே இருந்தால் கூடும். ஜப்பானில் தொழில் விபத்துக் காப்பீட்டுக் கட்டணம் இவ்வகையில் 40 விழுக்காடு வரை கூடவோ குறையவோ செய்யலாம். எனக்கு அதிகம் பிடித்தது ஒஹாயோ மாநிலத்தின் ஏற்பாடு. அங்கே தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டை மாநில வாரியமே நடத்துகிறது. ஆபத்தைக் குறைக்கும் கருவி வாங்க முதலாளி ஒரு டாலர் போட்டால் வாரியம் மூன்று டாலர், 40,000 டாலர் வரை, மானியமாகப் போடுகிறது. விபத்து நடக்கவில்லை என்று சொல்வதற்கு அல்ல, நடக்காமலிருக்க இயந்திரத்தை மாற்றுவதற்குப் பணம் கொடுக்கிறார்கள். இந்த வேறுபாட்டை மனத்தில் வையுங்கள்.

இங்கே இ.எஸ்.ஐ.யில் அப்படி இல்லை. நல்லவருக்குச் சலுகையும் இல்லை, அலட்சியக்காரருக்குச் சுமையும் இல்லை. இது மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் கட்டணத்தை விபத்து எண்ணிக்கையோடு கட்டிப்போட்டால் மறைப்புத்தான் பெருகும். ஒஹாயோவைப்போல், பிரஸ்ஸுக்குத் தடுப்புப் போட ஒரு சிறு பட்டறைக்கு மானியம் கொடுத்தால், விரல்களும் மிஞ்சும், கழகத்தின் வாழ்நாள் உதவித்தொகைச் செலவும் குறையும்.

இப்போதைக்கு உங்களைப் போன்ற சிறுதொழிலுக்குக் கைக்கெட்டும் ஒன்று குறையில்லாத, சூழலைக் கெடுக்காத உற்பத்திக்கு மத்திய அரசு தரும் ‘ஸெட்’ சான்றிதழ்த் திட்டம். 2022 ஏப்ரலில் புதுவடிவில் தொடங்கப்பட்டது. வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று நிலைகள். வெண்கல நிலையிலேயே பணியிடப் பாதுகாப்பு ஓர் அளவுகோல். சான்றிதழ்க் கட்டணத்தில் குறுந்தொழிலுக்கு 80, சிறுதொழிலுக்கு 60, நடுத்தரத் தொழிலுக்கு 50 விழுக்காடு மானியம். பெண்கள் நடத்தும் தொழில் என்றால் முழுக் கட்டணமும் மானியம் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு) உங்கள் பெயரில் இருந்தால் உங்களுக்குச் செலவே இல்லாமல் போகலாம். இன்னும் தந்தையின் பெயரில் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். மாநில அரசின் பாதுகாப்பு விருதுகளும் இருக்கின்றன. உங்கள் பலகை இருக்கும் நிலையில் அவற்றுக்கு விண்ணப்பிக்க வேண்டாம். பொய்யான விபத்துக் கணக்கை அரசுக்குக் கையெழுத்திட்டுக் கொடுப்பது இப்போதுள்ள சிக்கலைவிடப் பெரிய சிக்கல்.

பெரிய வாடிக்கையாளரின் ஆடிட்டைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். 11 பிரஸ்கள் ஓடும் இடத்தில் 16 மாதமாக முதலுதவிப் பதிவுகூட இல்லை என்றால், அனுபவமுள்ள ஆடிட்டர் அந்த ஏட்டை மூடிவிட்டுத் தொழிலாளிகளின் கைகளைப் பார்க்கத் தொடங்குவார். ஒரு விபத்து, அதன் காரணம், அதன்பின் மாற்றியது என்ன என்று மூன்று பக்கத்தில் காட்டும் பட்டறையை அவர் நம்புவார்.

500 ரூபாய் வாங்கிக் கொடுத்தது

உங்கள் நோக்கத்தில் குறையில்லை. திட்டம் எதற்குப் பணம் கொடுத்தது என்று பாருங்கள். 34 பேருக்கு 500 என்றால் மாதம் 17,000 ரூபாய். அது விபத்து நடக்காததற்குக் கொடுக்கப்பட்டதாக நீங்கள் நினைத்தீர்கள். விபத்து உங்கள் காதுக்கு வராததற்குத்தான் கொடுக்கப்பட்டது. விரலைத் துணியால் சுற்றிக்கொண்டு நின்ற அந்த இளைஞரைச் சுற்றி 33 பேரின் 500 ரூபாய் நின்றிருக்கிறது. மொழி தெரியாத ஊரில், கூட வேலை செய்பவர்களின் பணத்தைப் போக்கியவன் என்ற பெயரோடு ஒரே அறையில் தங்க முடியுமா? அவர் கதவு என்று சொல்லச் சம்மதித்ததில் எனக்கு வியப்பில்லை. அமெரிக்க அரசின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 2016இல், காயத்தைத் தெரிவித்ததற்காகத் தொழிலாளியைத் தண்டிப்பதாக அமையும் பரிசுத் திட்டங்களுக்கு எதிராக விதி செய்தது இதே அனுபவத்தால்தான். 2018இல் அதைச் சற்றுத் தளர்த்தி, பரிசுத் திட்டம் இருக்கலாம், ஆனால் தெரிவிக்க அஞ்சாதபடி முதலாளி கூடுதல் ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்று விளக்கியது.

சூப்பர்வைசர் விஷயத்திலும் இதை நினைவில் கொள்ளுங்கள். பொய்க் கணக்கு எழுதியதற்கு விளக்கம் கேளுங்கள், எழுத்தில் எச்சரியுங்கள். அவரை மட்டும் நீக்கிவிட்டுத் திட்டத்தை வைத்துக்கொண்டால், அடுத்து வருபவர் இன்னும் திறமையாக மறைப்பார்.

அந்த 17,000 ரூபாயை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால், உண்மை வெளிவந்ததால் பணம் போயிற்று என்றுதான் பட்டறையில் பேசிக்கொள்வார்கள். 500இல் ஒரு பகுதியை நிரந்தரப் படியாக ஆக்கிவிட்டு, மீதியைச் செயலுக்குக் கொடுங்கள். பெடல் ஒட்டுகிறது, பிரஸ் தானாக இன்னொரு முறை இறங்கியது, தடுப்பின் போல்ட் உடைந்திருக்கிறது என்று வந்து சொல்பவருக்கு அன்றைக்கே கையில் ஒரு சிறு தொகை. சொன்னது எத்தனை நாளில் சரிசெய்யப்பட்டது என்பதைப் பலகையில் எழுதுங்கள். சூப்பர்வைசரின் ஊக்கத்தொகையை அந்த நாட்கணக்கோடு இணையுங்கள். காயம் தெரிவிக்கப்பட்டால் யாருடைய பணமும் குறையாது என்று தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி ஒட்டி, உங்கள் கையெழுத்தையும் போடுங்கள்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஊக்கத்தொகை ஒன்று உங்கள் பட்டறையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது: ஆயிரம் தகட்டுக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட். மாதம் 500 ரூபாய்ப் பாதுகாப்புப் பணத்தை ஒரு நல்ல ஆபரேட்டர் நான்கைந்து நாள் வேகத்தில் எடுத்துவிடுவார், தடுப்பைக் கழற்றி வைத்தால். டை (தகட்டை வெட்டும் அச்சு) மாற்றும் நேரம், காலையில் தடுப்பைச் சோதிக்கும் பத்து நிமிடம், பழுதுக்காக நிற்கும் நேரம் ஆகியவற்றுக்குச் சராசரிக் கூலி உண்டு என்று மாற்றாதவரை மற்றத் திட்டங்கள் எதுவும் நிற்காது.

பிரஸ்ஸுக்கு முன்னால்

கையுறை அபராதத்தைக் கைவிடுங்கள். சட்டப்படி, ஊதியத்திலிருந்து அபராதம் பிடிக்க முன்கூட்டி ஒப்புதல் பெற்ற தவறுகளின் பட்டியல் வேண்டும், அதுவும் ஊதியத்தில் 3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. நீங்கள் கொடுக்க வேண்டிய பாதுகாப்புக் கருவிகளுக்குத் தொழிலாளியிடம் பணம் பிடிப்பதைப் பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் 114ஆம் பிரிவே தடுத்திருந்தது. சட்டத்தைவிட முக்கியமானது, கையுறை தகட்டின் விளிம்பு கிழிக்காமல் காக்கும், டைக்குள் போன விரலைக் காக்காது என்பது.

உங்கள் பிரஸ்கள் பெடலால் இயங்கும் பழைய கீ கிளட்ச் வகை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வகையில் ஒருமுறை பெடலை மிதித்துவிட்டால் ராம் (மேலிருந்து இறங்கி அடிக்கும் பாகம்) ஒரு முழுச் சுற்று முடித்துத்தான் நிற்கும், இடையில் எதனாலும் நிறுத்த முடியாது. ஆகவே, விற்பனையாளர் சொல்லும் லைட் கர்ட்டனை (ஒளிக்கதிரால் கையை உணரும் கருவி) அதில் மாட்டுவது பணத்துக்குக் கேடு. கை உள்ளே போனதை அது கண்டுகொள்ளும், ராமை நிறுத்தாது. சாவி தேய்ந்தாலோ பிரேக் தளர்ந்தாலோ மிதிக்காமலே இரண்டாம் அடி விழும். அந்த இரண்டாம் அடியில்தான் தகட்டை எடுக்கப் போன விரல் போகிறது. உங்கள் இளைஞருக்கும் அதுவே நடந்திருக்கலாம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அன்று காலையிலிருந்தே பிரஸ் ‘டபுள் அடித்தது’ என்று பேக்கிங் பெண் சொன்னதாக உங்கள் கடிதத்திலேயே ஒரு வரி இருக்கிறது. அப்படியானால் தடுப்பைக் கழற்றியதை மட்டும் காரணம் சொல்வது பாதி உண்மைகூட இல்லை.

இந்த வகைப் பிரஸ்ஸுக்கு ஏற்றது, விரல் நுழைய இடமில்லாதபடி டையைச் சுற்றி நிலையான கூண்டு. தகட்டைக் காந்தக் கோலாலோ இடுக்கியாலோ வைத்து எடுப்பது. பெடலுக்கு மேல் மூடி. கிளட்ச் சாவியையும் பிரேக்கையும் மாதம் ஒருமுறை கழற்றிப் பார்த்துத் தேதியிட்ட பதிவு. ஆயுத பூசைக்கு முதல் நாள் எப்படியும் எல்லா மெஷினையும் நிறுத்தித் துடைக்கிறீர்கள். அந்தக் கவனம் மாதத்துக்கு ஒரு நாள் வேண்டும். வசதி வரும்போது காற்றழுத்த உராய்வுக் கிளட்சுக்கு ஒவ்வொரு பிரஸ்ஸாக மாற்றுங்கள். லைட் கர்ட்டனும் இருகை பட்டனும் அப்போது பயன் தரும். இருகை பட்டன் வந்த பிறகும், அதில் ஒன்றை ஆப்பு வைத்து அழுத்தி ஒரு கையால் ஓட்டுகிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 4 விருந்தைக் கைவிட வேண்டாம். அதற்கு முன் பலகையைக் கழற்றி, எல்லோரையும் கூட்டி, ஆகஸ்டில் நடந்ததை நீங்களே சொல்லுங்கள். இளைஞரின் பெயரை அவருடைய சம்மதமில்லாமல் சொல்லாதீர்கள். பேக்கிங் பெண்ணின் பெயர் எந்த நிலையிலும் வெளிவரக் கூடாது. இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கும் பின்னர் மருத்துவக் குழுவுக்கும் அந்த இளைஞர் போகும்போது, ஒடியா தெரிந்த, உங்களிடம் வேலை செய்யாத ஒருவரை உடன் அனுப்புங்கள். அங்கே கதவைப் பற்றிய கேள்வி வரும்; அதற்கு அவர் தன் மொழியில், பயமில்லாமல் பதில் சொல்ல வேண்டும்.